கோப்பிக் காலத்து மாத்தளை

1870களில் எடுக்கப்பட்ட தோட்டப் படங்களில் முதலில் கண்ணில் படுவது துரையின் பங்களா. தொழிலாளரின் லயன் அறைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் ஸ்டூடியோக்கள் இத்தகைய படங்களை விற்பனைக்காகவே எடுத்தன. வாங்கியவர்களில் பலர் தோட்டத் துரைமார்.

அன்றைய முறையில், கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். பல விநாடிகள் அசையாமல் நின்றால்தான் உருவம் பதியும். கோப்பி பறிப்பவர்கள் விறைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியத் தமிழர்கள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக இங்கு நடந்தே வந்தார்கள். காலராவும் பசியும் காட்டுவழியில் பலரைக் கொன்றன. இந்நகரின் செல்வம் அவர்கள் உழைப்பில் விளைந்தது. ஆனால் அக்காலப் படக் குறிப்புகளில் துரைக்குப் பெயர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் வெறும் 'கூலிகள்'.

உங்கள் வீட்டில் பழைய தோட்டப் படம் இருந்தால், அதிலுள்ளவர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.