கயிறு பிடிப்பவருக்குத்தான் தெரியும்

முத்துக்குளிப்புக்குப் பழைய பெயர் சலாபம். சிலாவத்துறை என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். இன்று இந்தக் கரையில் முத்துக்குளிப்பு இல்லை. அதை மேற்பார்வை செய்ய பிரித்தானிய ஆளுநர் ஃபிரெட்ரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகையும் கடலரிப்பில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. குளிகாரரைப் பற்றிய ஒரு பேச்சு மட்டும் மிச்சம். கல்லோடு கடலில் இறங்குகிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். தன் சகோதரி தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை.

நித்திரையில் மூச்சு நின்றுபோகிறவருக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். குளிகாரன் தெரிந்தே மூச்சை அடக்கினான். இவருக்கோ மூச்சு நிற்பதே தெரியாது.

இரவு ஒரு மணி என்று வையுங்கள். மனிசன் மல்லாந்து படுத்திருக்கிறார். குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது. திடீரென்று சத்தம் நிற்கிறது. அப்பாடா என்று மனுசி கண்ணை மூடப் போகிறார். ஆனால் மனிசனின் நெஞ்சும் வயிறும் இழுபடுகின்றன, மூக்கில் கை வைத்தால் காற்று இல்லை. பத்து எண்ணலாம், இருபது எண்ணலாம், சில வேளை முப்பதும் தாண்டும். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்போல ஒரு பெரிய இழுப்பு. உடம்பு துள்ளுகிறது, புரண்டு படுக்கிறார், மறுபடியும் குறட்டை. காலையில் கேட்டால், “நல்ல நித்திரை” என்பார்.

இதைத்தான் வைத்தியர்கள் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது, மூச்சுப்பாதை ஒடுங்குகிறது. ஒடுங்கிய பாதையில் காற்று உரசுவது குறட்டை. பாதை முழுதாக மூடிக்கொண்டால் குறட்டையும் இல்லை, மூச்சும் இல்லை. ஆகவே பயப்படவேண்டியது சத்தத்துக்கல்ல, சத்தத்துக்கு நடுவே வரும் அந்த அமைதிக்கு.

ஒவ்வொன்றும் 10 விநாடியாவது நீடிக்கும் மூச்சுத்தடைகள் மணிக்கு 5 வந்தாலே வைத்தியர் கவனிப்பார். 30ஐத் தாண்டினால் கடுமை என்று கணக்கு. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம். ஏழு மணி நேர நித்திரையில் இருநூறு தடவைக்கு மேல்! ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, இருதயம் ஓடுகிறது, பிரஷர் ஏறுகிறது. நாம் ஓய்வு என்று நினைக்கும் இரவில் உடம்பு வேலை செய்துகொண்டிருக்கிறது.

இப்படி வருடக்கணக்கில் போனால் என்ன ஆகும்? மூன்று வகைக் குளிசை போட்டும் இறங்காத பிரஷர், தாளம் தவறும் இருதயத்துடிப்பு, மாரடைப்பு, பாரிசவாதம் எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. சீனி வருத்தமும் கட்டுக்குள் நிற்க மறுக்கும். பப்பி லஹிரியை நினைவிருக்கிறதா? ‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்கு இசையமைத்தவர். 2022 பெப்ரவரியில் மும்பையில் இறந்தபோது அவருக்கு வேறு நோய்களும் இருந்தன. ஆனால் மருத்துவமனை இறப்புக்குச் சொன்ன காரணம் இந்த நித்திரை மூச்சுத்தடைதான்.

பகலிலும் அடையாளங்கள் உண்டு. விடியும்போதே தலையிடி, காய்ந்த வாய், எவ்வளவு படுத்தாலும் தீராத அலுப்பு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், மறதி. இரவில் மூன்று நான்கு தரம் சிறுநீர் கழிக்க எழும்புவதும் இதனால் வரலாம். சீனி என்றோ வயது என்றோ நாம் அதைத் தள்ளிவிடுகிறோம். ஏதாவது ஒன்று இருந்தால் இந்த நோய்தான் என்று அர்த்தமில்லை; இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் காட்டவேண்டும். எல்லாவற்றிலும் உடனடி ஆபத்து, பகலில் கண் சொருகுவது. மீன் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகக் கொழும்புக்கு லொறி ஓடுகிறவருக்கு ஒரு விநாடிக் கண்ணயர்வு போதும். சிவப்பு விளக்கில் நிற்கும்போதே நித்திரை வருகிறவர், வைத்தியம் தொடங்கும்வரை வாகனம் ஓடக்கூடாது. இதில் தாட்சண்யம் பார்க்கக்கூடாது என்பது என் எண்ணம்.

தடித்த கழுத்துக்காரருக்கும் உடம்பு பெருத்தவருக்கும் இது அதிகம். அதற்காக மெலிந்தவர் தப்பினார் என்றில்லை. சின்னத் தாடை உள்ளவருக்கும் வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். பெண்களிடம் பலமான குறட்டை இல்லாமல் நித்திரையின்மையும் களைப்பும் மட்டும் தெரிவதால், வீட்டு வேலைக் களைப்பு என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை வாயைத் திறந்து குறட்டையோடு படுத்தால், படுக்கையில் சிறுநீர் போனால், வகுப்பில் கவனமில்லாமல் துருதுருவென்று இருந்தால், டொன்சில் பெருத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வைத்தியம் உண்டு. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் வெளியிட்ட வழி இன்றும் முதன்மையானது: மூக்கில் முகமூடி, குழாய் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்று. தொண்டை மூட அது விடாது. சீபாப் என்று பெயர். முதல் சில இரவுகள் எரிச்சலாக இருக்கும், பழகியவர் பிறகு விடமாட்டார். இலேசான நிலையில் எடையைக் குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் கைகொடுக்கும். மதுவும் நித்திரைக் குளிசையும் தொண்டையை இன்னும் தளர்த்தும். நித்திரை வரவில்லை என்று குளிசையைத் தானாக வாங்கிப் போடுவது, கயிறு பிடிக்க ஆளில்லாமல் கல்லைக் கட்டிக் கடலில் இறங்குவதுபோலத்தான். சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் இதை மயக்க மருந்து வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

முதலில் உள்ளூர் ஆஸ்பத்திரி, பிறகு அங்கிருந்து கடிதத்தோடு நெஞ்சு நோய் நிபுணர். நித்திரையில் மூச்சையும் ஒட்சிசனையும் அளந்து பார்த்துத்தான் அவர் முடிவு சொல்லுவார். போகும்போது மனுசியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனுசிக்கு என்றால் மனிசன் போகட்டும். முதல்நாள் இரவு போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். “இரவில் மூச்சு நிற்கிறதா?” என்று வைத்தியர் கேட்கும்போது, பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் அல்ல, பக்கத்தில் படுத்திருந்தவர்.