உங்களுக்குப் பின் பொத்தான் மாட்டுவது யார்?

தாய்மார்களே! மனவளர்ச்சி குன்றிய மகனுக்குப் பதினெட்டு வயதாகியும் சட்டைப் பொத்தானை நீங்களேதான் மாட்டிவிடுகிறீர்களா? அன்புதான். ஆனால் உங்களுக்குப் பின் அவன் என்ன செய்வான்?

இப்படிப் பழக்குங்கள். மேல் பொத்தான்களை நீங்கள் மாட்டுங்கள். கடைசி ஒன்றை அவனிடம் விடுங்கள். அது கைவந்ததும் கடைசி இரண்டு. வேலையை முடித்த மகிழ்ச்சி தினமும் அவனுக்கே! கோப்பையை நீங்கள் கழுவுங்கள். துடைத்துக் கவிழ்ப்பது அவன். கடையில் காசை நீங்கள் எண்ணுங்கள், கொடுப்பது அவன். மாதக்கணக்கில் ஆகலாம், பொறுமை வேண்டும்.

துணையும் உண்டு. 1984-இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. மறுவாழ்வு நிலையங்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. சமூகநல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து, பக்கத்து நிலையத்தை விசாரியுங்கள். பிள்ளையை வீட்டுக்குள் மறைக்காதீர்கள்!