ஏறி இறங்கும் எடை

இரயில் நிலைய மேடைகளில் ஒரு காலத்தில் நின்றிருந்த எடைப் பொறியை நம் வாசகர்களுள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வண்ண விளக்குகள் மின்ன, நாணயத்தை இட்டால் தடித்த சிறு சீட்டு ஒன்று வந்து விழும். ஒருபுறம் நம் எடை. மறுபுறம் நம் பலன். விடுமுறைக்கு ஊர் செல்லும் குழந்தைகளுக்கு அச்சீட்டு ஒரு பொக்கிஷம். இன்று நம் வீடுகளில் இருக்கும் பொறி எண்ணை மட்டுமே காட்டுகிறது, பலன் சொல்வதில்லை. ஆயினும் அந்த எண்ணிலேயே பலன் பார்த்து, ஒரு நாள் மகிழ்ந்தும் மறுநாள் மனமுடைந்தும் போகும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. அதனால் விளைந்த ஓர் இடரைக் கண்டமையாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

நம் நண்பர் ஒருவர் தில்லியில் அலுவல் பார்ப்பவர்; ஐம்பதைக் கடந்தவர்; நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். எடையைக் குறைக்குமாறு மருத்துவர் பணித்தார். நண்பரும் மார்கழி இறுதியில் ஒரு குறிப்பேடு வாங்கி, உண்பதனைத்தையும் கலோரிக் கணக்கில் எழுதலானார். பத்து நாட்களில் எடை இரண்டு கிலோ குறைந்தது. அவர் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பொங்கல் வந்தது. நண்பர்கள் கூடிய விருந்தில் சர்க்கரைப் பொங்கலும், வடையும், அப்பளமும், ஊறுகாயும் இலையை நிறைத்தன. மறுநாட் காலை பொறி 1.6 கிலோ கூட்டிக் காட்டிற்று. பத்து நாள் தவம் ஒரே வேளையில் பாழாயிற்றே என்று வெகுண்டவர், அன்று காலையும் நண்பகலும் பட்டினி கிடந்தார். மாத்திரையை மட்டும் விடாது விழுங்கினார். பிற்பகலில் அலுவலகத்திலேயே உடல் வியர்த்துக் கை நடுங்கி, பேச்சுக் குழறிற்று. உடனிருந்தவர் ஒருவர் நிலைமையை உணர்ந்து சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டினார். நண்பர் தேறினார், வேறொரு நாளாயின் என்ன ஆகியிருக்குமோ!

அந்த 1.6 கிலோவும் கொழுப்பன்று என்பதை அவர் அறிந்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

கணக்குச் சொல்லும் உண்மை

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. அவ்வாறாயின் 1.6 கிலோ கொழுப்புச் சேர, உடல் அன்று செலவிடுவதற்கு மேலாகப் பன்னீராயிரத்துக்கும் அதிகமான கலோரி உட்செல்ல வேண்டும். வெறுஞ்சோறாக உண்பதாயின் ஒன்பது கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும்! எத்துணைப் பெரிய விருந்தாயினும் ஒருவர் வயிறு இதற்கு இடந்தராது.

மறுபக்கத்தையும் நோக்குவோம். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பவர் இழக்கும் கொழுப்பு, நாளொன்றுக்குச் சுமார் 65 கிராம்; வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடலின் எடையோ ஒரே நாளில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ வரையிற்கூட ஏறி இறங்கும் இயல்புடையது. ஒரு கிலோ அலையினுள்ளே 65 கிராம் மறைந்துபோவதில் வியப்பென்ன? கொழுப்பு நாள்தோறும் கரைந்துகொண்டேயிருக்க, பொறி ஏறுமுகம் காட்டுவது முற்றிலும் இயலக்கூடியதே.

அலை எங்கிருந்து எழுகிறது?

முதற் காரணம், உண்டதும் பருகியதுமே. ஒரு லிட்டர் நீர் பருகியவர் அக்கணமே ஒரு கிலோ கூடுகிறார். இரவு முழுதும் மூச்சாலும் வியர்வையாலும் கண்ணுக்குப் புலப்படாமல் எடை குறைகிறது. இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து பல ஆண்டுகள் தம் உணவையும் கழிவையும் உடலையும் நிறுத்துப் பார்த்து, இந்தப் புலனாகா இழப்பை 1614-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கினார். மலச்சிக்கல் உள்ள நாட்களில் எடை கூடுவதும் இவ்வகையினதே.

இரண்டாவது, உப்பு. நம் உடலின் நீர்மங்கள் உப்பின் செறிவை ஒரே அளவில் வைத்திருக்க முயல்வன. மிகுதியாக உண்ட நாலைந்து கிராம் உப்பு, சிறுநீரகம் அதனை வெளியேற்றும் வரை, ஏறத்தாழ அரை லிட்டர் நீரைத் தன்னுடன் நிறுத்திக்கொள்ளக் கூடும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்திறங்கும் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வற்றல், கருவாடு ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் நம் இல்லங்களின் நிலை விளங்கும்.

மூன்றாவது, கிளைக்கோஜன். நாம் உண்ணும் சோறு, இட்டிலி, சப்பாத்தி இவற்றின் மாச்சத்தில் ஒரு பகுதி இவ்வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. இச்சேமிப்பு ஏறத்தாழ அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு நீரைத் தன்னோடு பிணைத்து வைக்கிறது. உணவைக் குறைத்த முதல் வாரத்தில் இச்சேமிப்புக் கரைய, நீரும் உடன் செல்கிறது. எடை மளமளவெனச் சரிகிறது. விருந்துண்டால் சேமிப்பு நிரம்புகிறது, நீரும் திரும்புகிறது. நண்பர் முதலில் இழந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதியும், பொங்கலன்று பெற்ற 1.6 கிலோவும் இந்த வரவு செலவே.

பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய சில நாட்களில் உடலில் நீர் தங்கி எடை கூடுவதுண்டு. ஆதலின் சகோதரிகள் சென்ற வாரத்தோடு ஒப்பிடுவதினும், சென்ற மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுவதே தக்கது. புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால் நோவெடுத்த தசைகளில் நீர் சேரும். இரு இரவும் ஒரு பகலும் இரயிலில் கால் தொங்க அமர்ந்து சென்னை சேர்ந்தால் கணுக்கால் வீங்குவதையும் நாம் அறிவோம்.

கணக்கேட்டிலும் பிழையுண்டு

எனினும், ஏறும் எடையனைத்தும் நீரே என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது. கலோரிக் கணக்கு எழுதுவோர் தம்மையறியாமலே குறைத்தெழுதுவது எங்கும் காணப்படும் குறையாகும்.

நம் நாட்டு உணவுகளின் சத்தை அளந்து அட்டவணைப்படுத்தும் பணிக்கு வித்திட்டது நம் குன்னூரே. மக்காரிசன் அங்கு வளர்த்த ஆய்வுக்கூடத்தில், அவருக்குப் பின் தலைமையேற்ற அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுகளின் சத்தளவு குறித்த நூலை வெளியிட்டார். 1958-இல் அக்கூடம் ஐதராபாத்துக்கு மாறிற்று. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017-இல் அந்நிறுவனம் வெளியிட்ட அட்டவணை 528 உணவுப் பொருள்களை விவரிக்கின்றது.

அவ்வட்டவணைகளில் அரிசியின் அளவு பச்சையாக நிறுத்த அரிசிக்கே உரியது. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி; வடித்த சோற்றில் நூறு கிராமுக்குச் சுமார் 130 தான். ஒன்றை மற்றொன்றாக எழுதினால் கணக்கு முழுதும் தவறும். தாளிக்கும் எண்ணெய் ஒரு சிறு கரண்டிக்கு 45 கலோரி. சர்க்கரை ஒரு சிறு கரண்டிக்கு 20. மூன்று வேளைக் காப்பியில் இவ்விரண்டு கரண்டி சர்க்கரை இட்டால் அதுவே 120. துவையலில் அரைத்த தேங்காயும், சமைக்கும்போது ருசி பார்த்ததும், குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றி அன்னை உண்டதும் ஏட்டில் ஏறுவதேயில்லை.

மற்றொன்று: உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் சுருங்குகிறது. தொடக்கத்தில் எடையைக் குறைத்த அதே உணவு, சில மாதங்களில் எடையை நிலைநிறுத்தும் உணவாகிவிடுகிறது. கடும் பட்டினியும் வழியன்று. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், 36 இளைஞர்களை அவர்தம் இசைவுடன் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு இழந்தனர். அத்துடன் பலருக்குக் காலில் நீர் கோத்தது. உடல் மெலிய மெலிய, தங்கிய நீர் மெலிவை மறைத்தது. உள்ளமும் சோர்ந்து, உணவைத் தவிர வேறு நினைவே இல்லாதவராயினர்.

எவ்வாறு நிறுப்பது?

காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்தபின், ஒன்றும் அருந்துமுன், ஒரே வகை ஆடையுடன் நிறுக்க வேண்டும். பொறி கெட்டியான சமதரையில் இருத்தல் அவசியம். கம்பளத்தின் மீது வைக்கலாகாது. நாள்தோறும் எழுதி, ஏழு நாளின் சராசரியை முந்திய வாரச் சராசரியுடன் ஒப்பிடுக.

ஓர் எடுத்துக்காட்டு: முதல் வாரம் 80.6, 80.1, 80.9, 80.3, 80.0, 80.7, 80.2. இரண்டாம் வாரம் 80.4, 79.7, 79.5, 80.6, 80.1, 79.8, 79.9. முதல் வாரத்தின் முதல் நாளும் இரண்டாம் வாரத்தின் நான்காம் நாளும் 80.6. அவ்விரண்டை மட்டும் கண்டவர் பத்து நாள் உழைப்பு வீணென்பார். சராசரியோ 80.4-லிருந்து 80.0 ஆகியிருக்கிறது. 400 கிராம் குறைந்திருப்பது தெளிவு. மூன்று நான்கு வாரங்கள் சராசரி அசையாதிருந்தால், அப்போது கணக்கேட்டைத் திருத்தலாம். இடுப்பு வாரின் துளையும் நல்ல சாட்சியே.

நாள்தோறும் எண்ணைக் காண்பதால் மனம் நோவோர் வாரம் ஒருமுறை நிறுத்தல் போதும்.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கவோ ஒரு வேளையை விடவோ கூடாது. வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இக்கணக்கு வேண்டா. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள பெரியோருக்குச் சில நாட்களிலேயே இரண்டு கிலோ ஏறினால், காலில் வீக்கமும் மூச்சு வாங்குதலும் தோன்றினால், அதனைச் சாதாரண அலையென்று விடாது அன்றே மருத்துவரிடம் காட்டுக. முயலாமலே எடை தொடர்ந்து குறைவதும் அவ்வாறே கவனிக்கத் தக்கது.

நம் நண்பர் மருத்துவரைக் கலந்து, மாத்திரையின் அளவைத் திருத்திக்கொண்டு, குறிப்பேட்டை மீண்டும் எடுத்தார். சித்திரைக்குள் நான்கு கிலோ குறைந்தார். புத்தாண்டன்று பாயசமும் வடையும் உண்டார். மறுநாட் காலை பொறி ஒரு கிலோ கூட்டிக் காட்டிற்று. அவர் அதனை உள்ளவாறே எழுதி வைத்துவிட்டு, வழக்கம்போல் காலை உணவுக்கு அமர்ந்தார் என்று அவர் இல்லத்தரசியார் நம்மிடம் கூறினார்.