ஆள் மாறிப் போன ஸ்தேவான்

கான்ஸ்டான்டினோப்பிளில் ஸ்தேவான் என்றொரு பெருங்குடி மனிதர் நோயுற்று இறந்தார். உடலைப் பதப்படுத்த அன்று ஆள் கிடைக்கவில்லை; இரவு முழுக்க அப்படியே கிடத்தியிருந்தார்கள். அவரோ நரகத்தின் நீதிபதிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இவரையல்ல, கொல்லன் ஸ்தேவானைத்தான் கொண்டுவரச் சொன்னேன் என்று நீதிபதி திருப்பி அனுப்பிவிட்டாராம். இவருக்கு உயிர் வந்தது. அதே வேளையில் அக்கம்பக்கத்தில் இருந்த கொல்லன் இறந்தான். ஸ்தேவானே தமக்குச் சொன்னதாக இதை எழுதிவைத்தவர் போப்பாண்டவர் பெரிய கிரகோரி, ஏறக்குறைய 593இல்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனும் இந்தியாவில் 16 பேரின் மரண விளிம்பு அனுபவங்களைத் திரட்டி 1986இல் வெளியிட்டார்கள். எமதூதர் வந்து அழைத்துப் போனதும், ஏட்டைப் பார்த்தபின் ஆள் தவறென்று திருப்பி அனுப்பியதும் அவற்றில் வருகின்றன. கிரகோரியைப் படித்திராத மனிதர்கள் அதே கதையைச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் வியப்பு. ரேமண்ட் மூடி 1975இல் வெளியிட்ட நூலில் வரும் அமெரிக்கர்கள் கண்டது வேறு: சுரங்கம் போன்ற இருள், அன்பே உருவான ஒளி, முன்பே இறந்த உறவினர்கள்.

இந்த வேளையில் மூளையில் என்ன நடக்கிறது? இதயம் நின்ற சில நொடிகளிலேயே மூளையின் மின்னலைகள் தணிந்துவிடும் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தோம். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜீமோ போர்ஜிகின் குழு 2013இல் எலிகளிடம் கண்டது, இதயம் நின்ற முதல் 30 நொடிகளில் காமா அலைகள் பொங்கி எழுவதை. செயற்கைச் சுவாசம் விலக்கப்பட்ட நால்வரில் இருவரிடமும் அத்தகைய எழுச்சியை 2023இல் அதே குழு பதிவுசெய்தது. அந்த இருவரும் மீளவில்லை. என்ன கண்டார்கள் என்று கேட்க வழியில்லை.

இத்தகைய அனுபவங்களை வைத்துப் பரலோகத்தை நிரூபிக்கச் சில கிறிஸ்தவர்கள் துடிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. பரலோகம் போய்வந்ததாக ஒரு சிறுவனின் பெயரில் 2010இல் வெளிவந்து அமோகமாக விற்ற நூலை, அது உண்மையல்ல என்று அவனே 2015இல் அறிவித்த பிறகு பதிப்பகம் திரும்பப் பெற்றது. இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டில் வலியுறுத்தியபடி, புதிய ஏற்பாட்டின் நம்பிக்கை ஆன்மா இயல்பாகவே அழியாதது என்பதல்ல. மரித்தோரைக் கடவுள் எழுப்புவார் என்பது. மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதும் பவுல்கூட, அது சரீரத்தில் நடந்ததா சரீரத்துக்குப் புறம்பேயா என்று தமக்குத் தெரியாது என்கிறார். நான்கு நாள் கல்லறையில் இருந்த லாசரு எதைக் கண்டான் என்று யோவான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆகவே மரண விளிம்பிலிருந்து மீண்டவரின் கட்டிலருகே அமரும் போதகர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சிப் பலர் வாயே திறப்பதில்லை. சிலர் கண்டது ஒளியல்ல, வெறுமையும் பயங்கரமும். அதைத் தண்டனையின் அடையாளமாக விளக்குவது கொடுமை. முழுதாகக் கேட்டு, கூடவே இருப்பதுதான் பணி.

பிம் வான் லோமல் 2001இல் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வில், இதயம் நின்று பிழைத்த 344 பேரில் 62 பேர்தான் ஏதோ கண்டதாகச் சொன்னார்கள். மீதி 282 பேருக்கு எந்த நினைவும் இல்லை. அவர்களில் விசுவாசி ஒருவர், ஆண்டவர் எனக்கு மட்டும் ஏன் எதையும் காட்டவில்லை என்று கலங்கலாம். அவரிடமும் போதகர் போக வேண்டும், அதே பொறுமையோடு.