சர்வர் மாறிய பின் காணாமற்போகும் மின்னஞ்சல்கள்

மின்னஞ்சல் சர்வரை மாற்றிய மறுநாள் காலை எழும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “பழைய மெயில் எதையும் காணோம்.” இப்படிக் காணாமற்போனவற்றில் பெரும்பங்கு உண்மையில் அழிந்திருக்காது. எங்கோ ஒரு டிஸ்க்கிலோ பயனரின் கணினியிலோ அப்படியே கிடக்கும். பதற்றத்தில் செய்யப்படும் பழுதுபார்ப்புதான் பல நேரங்களில் அதை நிரந்தரமாக அழிக்கிறது. எனவே மீட்பு வேலையில் எதைச் செய்வது என்பதைவிட, எதை முதலில் செய்வது என்பது முக்கியமாகிறது.

2010 டிசம்பர் 30-இல் மைக்ரோசாஃப்ட்டின் ஹாட்மெயிலில் 17,355 பயனர்களின் அஞ்சல் பெட்டிகள் திடீரென வெறுமையாகத் தெரிந்தன. சோதனைக் கணக்குகளை நீக்க ஓடவிட்ட ஒரு ஸ்கிரிப்ட், உண்மையான பயனர்கள் சிலரின் அடைவுப் பதிவுகளையும் சேர்த்து நீக்கிவிட்டது. மெயில்களுக்கு எதுவும் ஆகவில்லை. எந்தப் பெட்டி எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் பதிவு மட்டும் போய்விட்டது. வீடு அப்படியே நிற்க, தெருவில் அதன் கதவு எண் அழிந்த கதை. அந்தப் பயனர்கள் உள்ளே நுழைந்தபோது, புதியவர் வந்திருக்கிறார் என்று எண்ணிய கணினி வெற்றுப் பெட்டி ஒன்றைத் திறந்து தந்தது. புத்தாண்டின் முதல் நாள்களில் பழைய பெட்டிகள் திரும்பக் கிடைத்தன.

சிறிய நிறுவனங்களின் சர்வர் மாற்றத்திலும் இதே வகைக் கோளாறுகள் நேர்கின்றன. மெயில்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில், ஒரு ஃபோல்டர் சர்வரில் இருந்தாலும் பயனரின் ‘சப்ஸ்கிரைப்’ பட்டியலில் இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் அதைக் காட்டுவதில்லை. பழைய சர்வர் உள் ஃபோல்டர்களைப் புள்ளியால் பிரித்திருக்க, புதியது சாய்கோட்டால் பிரித்தால் ஃபோல்டர்கள் இடம் மாறித் தெரியும். தமிழில் பெயரிட்ட ஃபோல்டர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பெயர்களைப் பழைய ஐமேப் முறை ஒருவகைக் குறியீடாக மாற்றியே வைத்திருக்கும். புதிய சர்வர் அதைச் சரியாக வாசிக்காவிட்டால், எழுத்தும் எண்ணும் கலந்த புரியாத பெயரில் ஃபோல்டர் கிடக்கும். உள்ளே மெயில்கள் பத்திரமாக இருக்கும். கவனமின்றிக் கோப்புகளாக நகலெடுத்தால் பெற்ற தேதி எல்லாவற்றுக்கும் மாற்றம் நடந்த நாளாகிவிடும். பத்தாண்டு மெயில் ஒரே நாளில் குவிந்து நிற்க, தேடுபவர் தொலைந்ததாகவே நினைப்பார். ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் உண்மையான தேதி இருப்பதால் இதைத் திருத்திவிடலாம்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் மெயில் கிடைக்கவில்லை என்றால், செய்ய வேண்டிய முதல் வேலை நிறுத்துவது. பழைய சர்வரின் டிஸ்க்கில் இனி ஒரு பைட்டும் எழுதக் கூடாது. அழிக்கப்பட்ட கோப்பின் இடம் வேறு தரவால் நிரப்பப்படும்வரை அதை மீட்க வாய்ப்புண்டு. டிஸ்க்கை முழுமையாக நகலெடுத்து, மீட்பு முயற்சிகளை அந்த நகலின்மேல் மட்டுமே செய்ய வேண்டும்.

அதே அளவு அவசரமானது பயனரின் கணினி. தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் சர்வரில் உள்ள மெயில்களின் நகலைக் கணினியிலும் வைத்திருப்பதுண்டு. ஆனால் ஐமேப் விதிப்படி ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ‘யுஐடி வேலிடிட்டி’ என்ற அடையாள எண் இருக்கிறது. சர்வர் மாறி அந்த எண்ணும் மாறினால், தன்னிடமுள்ள நகல் செல்லாது என்று கருதி மென்பொருள் அதைத் தூக்கி எறிய வேண்டும். வெற்றுப் பெட்டியுள்ள புதிய சர்வரோடு கணினி இணைந்த சில நொடிகளில் கடைசி நகலும் போய்விடக்கூடும். ஆகவே முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, மென்பொருளின் தரவு ஃபோல்டரை முழுதாக வேறிடத்தில் நகலெடுத்து வைத்து, அதன் பிறகே திறக்க வேண்டும். “ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்” என்று தொலைபேசியில் சொல்வது இந்த நேரத்தில் மிகத் தவறான ஆலோசனை. பழைய பாப் முறையில் மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொண்டவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

மாற்றம் நடந்த மணிநேரங்களில் வந்த மெயில்கள் தனி வகை. மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றினாலும், பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் அனுப்புநர் சர்வர்கள் சிறிது காலம் பழைய இடத்துக்கே அனுப்பும். அதனால் பழைய சர்வரை உடனே அணைக்காமல், சில நாள் கழித்து மீண்டும் ஒருமுறை அதிலிருந்து மெயில்களை எடுத்துவர வேண்டும். சர்வர் முற்றிலும் எட்டாமல் இருந்தால்கூடப் பெரிய கேடில்லை. அனுப்பும் சர்வர் நான்கைந்து நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதே மின்னஞ்சல் மரபு. பயனர் கணக்கு இன்னும் உருவாகாத புதிய சர்வர் இணைப்பை ஏற்று, ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று 550 எண்ணோடு பதில் சொல்லிவிடுவதுதான் கேடு. அது நிரந்தர மறுப்பு. அனுப்பியவர் மறுபடி அனுப்பினால்தான் உண்டு.

பேக்கப் இருந்தால் இவ்வளவு பாடும் குறையும். ஆனால் ஒரு சர்வரை அப்படியே பிரதிபலிக்கும் இன்னொரு சர்வர் பேக்கப் ஆகாது; ஒன்றில் நேர்ந்த அழிவு மற்றதிலும் உடனே நேரும். 2011 பிப்ரவரி இறுதியில் கூகுள் நிறுவனம் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது அதிலிருந்த பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் மெயில்கள் மறைந்தன. பல தரவு மையங்களில் நகல்கள் இருந்தும் பிழை அவற்றையும் தொட்டது. காப்பாற்றியவை காந்த நாடாக்கள். அவை வலைப்பின்னலுக்கு வெளியே இருந்ததால் பிழை அவற்றை எட்டவில்லை. நாடாவிலிருந்து வாசிப்பது மெதுவான வேலை என்பதால் மீட்புக்கு நேரம் பிடித்தது.

கிடைத்த மெயில்களை நேராக இன்பாக்ஸில் கொட்டக் கூடாது. அதற்குள் அங்கே புதிய மெயில்கள் வந்திருக்கும். ‘மீட்டவை’ என்று தனி ஃபோல்டரில் சேர்த்து, ஒவ்வொரு மெயிலின் தலைப்பிலும் உள்ள மெசேஜ்-ஐடியை ஒப்பிட்டு, இரட்டிப்புகளை நீக்கிய பின் கலப்பதே முறை. ‘ஐமேப்சிங்க்’ போன்ற கருவிகள் இந்த ஒப்பீட்டைத் தாமே செய்கின்றன. படித்தது, பதில் எழுதியது என்ற அடையாளங்கள் ‘மெயில்டிர்’ வகைச் சேமிப்பில் கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும். அந்தப் பெயரில் வரும் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. இடையில் ஒரு விண்டோஸ் கணினி வழியாக நகலெடுத்தால் அடையாளங்கள் சிதையும். எல்லா மெயிலும் படிக்காதவையாகத் தெரியும்.

முகவரிப் புத்தகம், நாட்காட்டி, மெயில்களைத் தானே பிரித்துப் போடும் விதிகள், விடுமுறைக் காலத் தானியங்கிப் பதில் ஆகியவற்றை ஐமேப் எடுத்துச் செல்வதே இல்லை. மெயில் எல்லாம் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் இவை மறக்கப்பட்டு, வாரங்கள் கழித்தே தேடப்படுகின்றன. பல சர்வர்களில் இவை வெப்மெயிலின் தரவுத்தளத்தில் தனியே இருக்கும். அதைத் தனியாக நகலெடுத்தே புதிய சர்வரில் ஏற்ற வேண்டும். பழைய டிஸ்க்கைத் துடைக்க நாள் குறிக்கும்முன் ஒவ்வொரு பயனரும் தம் தொடர்புகளையும் நாட்காட்டியையும் திறந்து பார்த்துச் சரியென்று சொல்லியிருக்க வேண்டும்.