சந்து முனையில் கைவிரிக்கும் வரைபடம்

நோயாளியைத் தேடி வீட்டுக்கே போகும் மருத்துவக் குழுக்களுக்கு செல்போன் கைகொடுக்கிறது. ஆனால் கடைசி நூறு அடியை மனிதர்கள்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

மும்பை தாராவியில் ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது சில நேரம் வீட்டுக்குள் இருக்கும் நோயைக் கண்டுபிடிப்பதைவிடச் சிரமம். செல்போன் வரைபடத்தில் 90 அடி சாலை தெளிவாகத் தெரியும். சந்து முனை வந்ததும் அது கைவிரித்துவிடும். அதற்கு அப்பால் தோளை உரசும் சுவர்கள், செங்குத்தான இரும்பு ஏணி, மேலே ஓர் அறை. புதிதாக வரும் நர்சுக்கு அங்கே உதவுவது, முன்பு வந்துபோனவர் எழுதி வைத்த குறிப்புதான்: குழாயடியிலிருந்து மூன்றாவது வீடு, ஏணி வழியே மேலே, மருமகள் மதியம் 2 மணிக்கு மேல்தான் இருப்பார்.

அந்தக் குறிப்பு ஒருவருடைய டைரியில் மட்டும் இருந்தால், அவர் லீவு போடும் நாளில் நோயாளியும் காணாமல் போய்விடுவார். குழுவினர் அனைவரும் திறந்து பார்க்கும் ஆன்லைன் அட்டவணையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். பொது காலண்டர் இருந்தால், காலையில் எல்லோரும் ஆபீசுக்கு வந்து கூடாமலே வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்: மாட்டுங்காவுக்கு ஒரு நர்ஸ், செம்பூருக்குப் பிசியோதெரபிஸ்ட், தாராவிக்கு டாக்டர்.

மூன்று பேட்டைகளும் மூன்று விதம். மாட்டுங்காவில் லிஃப்ட் உண்டு, வாசலில் பெயர்ப் பலகை உண்டு. பாட்டியின் பிள்ளைகள்தான் அமெரிக்காவில் இருப்பார்கள். அவர்களுக்கு அன்றைய நிலவரம் அன்றிரவே தெரிய வேண்டும். செம்பூரில் போக்குவரத்து நெரிசல் நேரத்தை விழுங்கும். தாராவியிலோ குடும்பத்துக்கே ஒரு செல்போன். அதுவும் மகனோடு வேலைக்குப் போயிருக்கும்.

வீடு வீடாகப் போவது தாராவிக்குப் புதிதல்ல. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டதும், மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் தனியார் டாக்டர்களும் கதவைத் தட்டிச் சோதனை செய்தார்கள். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அதற்கு முன்பே, சயான் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999ல் தொடங்கிய 'ஸ்நேஹா' அமைப்பின் பெண் ஊழியர்கள், தாராவிக் குழந்தைகளின் வளர்ச்சி விவரத்தை 'காம்கேர்' என்ற செயலியில் பதிந்தார்கள். இன்டர்நெட் இல்லாத சந்திலும் அதில் எழுதலாம். சிக்னல் கிடைத்ததும் தகவல் தானே போய்ச் சேரும்.

தமிழ்நாடு இதே யோசனையை அரசுத் திட்டமாக்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியையும் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுபோனது. 2024ல் அதற்கு ஐ.நா. விருது கிடைத்தது.

ஒருங்கிணைப்பு எவ்வளவு முக்கியம் என்பது வலி தணிப்பில்தான் புரியும். சாதாரண மார்ஃபின் மாத்திரையை வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். டாக்டர் காலையில் மாற்றிய அளவு மாலையில் வரும் நர்சுக்குத் தெரியாவிட்டால், ஒன்று நோயாளி இரவெல்லாம் துடிப்பார், அல்லது அளவு மீறிவிடும். வீடியோவில் பார்த்து எழுதிக் கொடுக்கலாமே என்றால், 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ நெறிமுறைகள் இத்தகைய போதை மருந்துகளுக்கு அந்த வழியை அடைத்தன. டாக்டர் ஏணி ஏறித்தான் ஆக வேண்டும் என்றானது. எந்த ஏணியில் முதலில் ஏறுவது என்பதைச் சொல்லத்தான் அட்டவணை.

இதற்கு வாட்ஸ்அப் குரூப் போதாதா? போதாது. "பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது" என்ற செய்தி, காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். இரண்டு நீல டிக் வந்தால் படித்தார்கள் என்றுதான் அர்த்தம். போனார்கள் என்று அர்த்தமல்ல. பத்து பேர் பார்த்த செய்தியை, மற்றவர் கவனித்துக்கொள்வார் என்று பத்து பேரும் விட்டுவிடலாம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு நேரம், முடிந்ததா என்று ஒரு கட்டம் — இந்த மூன்றும் இல்லாத ஏற்பாடு வெறும் அரட்டை.

இன்னொரு சிக்கல் ரகசியம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் புற்றுநோய், எச்.ஐ.வி., காசநோய் என்ற சொல் வெளியே கசிந்தால் மகளின் கல்யாணம் நிற்கலாம், வாடகை வீடு பறிபோகலாம். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை முக்கியமாக்கியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, எளிய கட்டுப்பாடுகளே பாதி வேலையைச் செய்துவிடும்: குரூப்பில் நோயின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவது, வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே ரத்து செய்வது, வழிகாட்டும் டிரைவருக்கு முகவரியை மட்டும் காட்டுவது.

இவற்றில் பலவற்றுக்குத் தேவையான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிடைக்காதது ஒழுங்கு. ஏணியிலிருந்து இறங்கிய கையோடு, அடுத்த வீட்டுக்கு ஓடும் முன், இரண்டு நிமிடம் நின்று குறிப்பை எழுதிவிட்டுப் போகும் நர்ஸ்தான் இந்த ஏற்பாட்டின் அச்சாணி. அவருடைய அன்றாட வேலைக் கணக்கில் அந்த இரண்டு நிமிடத்துக்கு இடமிருக்கிறதா என்பதை நிர்வாகங்கள்தான் சொல்ல வேண்டும்.