வேலூர் வந்தால் எங்கே சாப்பிடலாம்?

"டாக்டர், வீட்டுக்காரரை வேலூர்ல சேர்த்திருக்கோம். எங்கே சாப்பிடறது?" அடிக்கடி என்னிடம் வரும் கேள்வி இது.

1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். அதனால்தான் எதிரேயுள்ள காந்தி ரோட்டில் இட்லிக் கடைக்குப் பக்கத்திலேயே கடுகெண்ணெயில் மீன் பொரிகிறது! பழகின வயிற்றுக்குப் பழகின சாப்பாடுதான் நல்லது. அவர்களுக்கு மீன் சோறு. நமக்கு இட்லி, ரசம் சாதம்.

ஆம்பூர் பிரியாணி? சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி. தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மதியத்தில், சுடச்சுட, அளவோடு! ஆற்காடு மக்கன் பேடா? கோவாவும் மைதாவும் பொரிந்து சர்க்கரைப் பாகில் ஊறியது. சர்க்கரை வியாதிக்காரர்கள் கண்ணால் பார்ப்பதோடு சரி.

நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன சாப்பாடுதான். என் கவலையெல்லாம் கூட வந்தவரைப் பற்றித்தான். பகலெல்லாம் டீயும் பன்னும்; ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா. நாலாம் நாள் வயிற்று எரிச்சல்.

அம்மா, நீங்களும் படுத்துவிட்டால் அவரை யார் பார்ப்பது? வேளைக்குச் சாப்பிடுங்கள். அதுவும் வைத்தியம்தான்.